பக்கிரிக்குக் காற்று அடித்த கைகள்

பனித்திட்டுப் பக்கிரி புதுச்சேரித் துறைமுகப் பாலத்தில் செம்புத் தலைக்கூண்டு மாட்டிக் கடலடியில் வேலை பார்த்தவன். ஆழம் அவனுடைய இடக்காதை எடுத்துக்கொண்டது. பிடிவாதத்தை எடுக்க முடியவில்லை. 1936 மார்கழியில் எங்கள் பாகூர் ஏரிக்கு அவன் வந்தபோது, அவன் உயிர் என் பாட்டில் தொங்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஏரி நிறையத் தண்ணீர், ஆனால் மதகு திறக்கவில்லை. வெள்ளத்தில் வந்த பனங்கட்டை ஒன்று குறுக்கே சிக்கியிருந்தது. கீழே சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் வெடித்த மண்ணில் நின்றது. எங்கள் நீச்சல்காரர்கள் மூச்சடக்கிப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டு வந்தார்கள், அறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் பக்கிரி தன் காற்றுப் பம்போடு மாட்டுவண்டியில் வந்தான்.

பம்பில் இரண்டு உருளைகள். கைப்பிடியின் ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழும். அடிக்கும் காற்று ரப்பர் குழாய் வழியாகத் தலைக்கூண்டுக்குப் போகும். கிணற்றில் ஏற்றம் இறைப்பவர்கள் என்ற மிதப்பில் நானும் மாரிமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நான் ஏற்றப்பாட்டுக்காரன் அரங்கநாதன். பாட்டில்லாமல் எனக்குக் கை ஓடாது.

இறங்கிய கொஞ்ச நேரத்தில் கயிற்றை இழுத்து மேலே வந்துவிட்டான் பக்கிரி. உதடு நீலம் பாரித்திருந்தது.

"காத்து வுட்டு வுட்டு வருது. தண்ணி தாடை வரிக்கும் ஏறுது" என்றான்.

ரப்பர் குழாயைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான், ஓட்டை இல்லை. உருளையைக் கழற்றித் தோல் வாசருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினான். தலைக்கூண்டின் அடைப்பைத் துடைத்தான். தானே நாலு முறை அடித்துக் கன்னத்தில் காற்று வாங்கினான், நன்றாக வந்தது. மறுபடி இறங்கினான். மறுபடி அதே கதை.

ஊர்ப் பெரியதனக்காரர் சுப்பராயலுவுக்குப் பொறுக்கவில்லை. "மிஷினு பழுது. வண்டியக் கட்டுப்பா. ஒன் சாவு எங்க ஊருக்கு வேணாம்."

"தப்பு எங்கன்னு பாக்காம வண்டி ஏற மாட்டேன்" என்றான் பக்கிரி.

குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு எங்களை அடிக்கச் சொன்னான். நான் பாட்டெடுத்தேன். குமிழிகள் பொங்கி வந்தன, நின்றன, பொங்கி வந்தன. நாலாவது அடியில் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாய்யா, பாட்டு அடி முடிஞ்சா நிறுத்தற?"

"சால் நெரம்ப வேணாமா?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இங்கே சால் ஏது, கிணறு ஏது? இருபது வருடப் பழக்கம், சால் தண்ணீர் மொள்ளும் நேரத்துக்கு எங்கள் கை தானாக நின்றிருக்கிறது. அந்த நேரமெல்லாம் அடியில் ஒருவன் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பாட்டை விட்டுவிட்டு அடித்துப் பார்த்தோம். பாட்டு போனது, நிறுத்தம் போகவில்லை.

பக்கிரி வலக்காதைத் திருப்பினான். கரையோர வீட்டில் என் மனைவி கலியம்மாளும் ஓரகத்தி தனக்கொடியும் ஒரே உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். ஓர் உலக்கை எழ ஓர் உலக்கை விழ, இடைவெளியே இல்லை. நேரே அங்கே போனான்.

"தங்கச்சி, ஒரு மரக்கா நெல்லு குத்தற நேரம் பம்பு அடிப்பியா?"

"ரெண்டு மரக்காலே குத்துவோம்ண்ணே. நிறுத்தக் கூடாது, அவ்ளோதானே?" என்றாள் கலியம்மாள்.

"பொம்பளைங்க கையில உசுரக் குடுக்கறியா?" என்றான் மாரிமுத்து.

"ஒங்க கையில குடுத்துப் பாத்தாச்சே" என்றான் பக்கிரி.

மூன்றாம் முறை ரம்பத்தோடு இறங்கி, மதகுத் தூணில் தன்னைக் கட்டிக்கொண்டான். ஆபத்தென்றால் அவன் இழுக்கும் சமிக்ஞைக் கயிறு என் கையில். பெண்கள் குனிந்து நிமிர்ந்து அடித்தார்கள். கயிறு அசையவே இல்லை. அரை மணிக்கு மேலாகியிருக்கும். திடீரென்று கட்டை முறிந்து, அது அமுக்கியிருந்த மதகுப் பலகை எழும்பி, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இரைந்தது.

ஊரே வாய்க்காலுக்கு ஓடியது. நானும் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று கூத்தாடும்போதுதான் என் கை காலியாக இருப்பது தெரிந்தது.

திரும்பி ஓடிவந்தேன். பக்கிரி தானே படியேறி வந்து உட்கார்ந்திருந்தான். தலைக்கூண்டைத் திருகி எடுத்தேன்.

"கயித்த யாரு வுட்டது?"

"நான்தான்."

அவன் என்னைத் திட்டவில்லை. கரையில் மிச்சமிருந்த இருவர் பக்கம் திரும்பினான்.

"போதும் தங்கச்சி, நிறுத்து."

அதன் பிறகுதான் அவர்கள் நிறுத்தினார்கள்.