கம்பளிச் சண்டை

இப்போது நான் குடியிருக்கும் பிலிமத்தலாவை வீட்டுக்கு ஒரு பக்கம் வண்டிப் பட்டறை, மறுபக்கம் ஓயாமல் அழுகிற இரட்டைப் பிள்ளைகள். நான் நன்றாகத் தூங்கி நாளாயிற்று. "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்கிறாள் மருமகள். நான் போவதில்லை. அண்டை வீட்டுச் சத்தத்தைப் பற்றி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை புகார் சொல்லியிருக்கிறேன். அது போதும்.

அப்போது இலங்கை மலையில் தேயிலை வரவில்லை, காப்பிதான். மடுல்கெல்லப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கான வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே மண்சுவர் ஆள் உயரம்தான். அதற்குமேல் கூரைவரை வெறும் இடைவெளி. பக்கத்துக் காம்பராவில் வெங்காயம் உரித்தால் எங்களுக்குக் கண்ணில் நீர் வரும். அங்கே இருந்தவர்களை மாமா, அத்தை என்பேன். சொந்தமில்லை. கடலுக்கு அக்கரையில் தமிழ்நாட்டிலிருந்து எங்களோடு ஒரே கூட்டமாக நடந்து வந்தவர்கள்.

விடியுமுன் வேலைக்கு எழுப்பும் தப்பு அடித்ததும், கூலிகளை மேய்க்கும் கங்காணி லயத்தின் கோடியிலிருந்து கம்பால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். அவர் வரவும் இவர்கள் சண்டை தொடங்கவும் சரியாக இருக்கும்.

"ராவெல்லாம் கம்பளிய நீயே இழுத்துக்கிட்டா நான் எதப் போத்துறது" என்பார் மாமா.

"ஒங்க கொறட்டைய எடுத்துப் போத்திக்கங்க" என்பாள் அத்தை.

சட்டி உருளும், செம்பு பறக்கும். கங்காணி சிரித்துக்கொண்டே அடுத்த லயத்துக்குப் போவார். தினமும் அதே கம்பளி, அதே வசனம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

அப்பாவுக்கு அந்த மழைக்காலம் முழுக்க இருமல். விடியற்பனியில் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏறினால் விட்டுவிடும். பிறகு எழுந்து மலைக்குப் பழம் பறிக்கப் போவார். இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்காது. இருமல்காரரைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், கங்காணி காதில் பட்டால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்குத் தூக்கம் வேண்டும், பக்கத்து வீட்டார் தூங்க விடுவதில்லை என்பதுதான்.

"இவுங்க வாய மூடவே மாட்டாங்களாம்மா" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்துனா கத்திட்டுப் போறாங்க. ஒனக்கென்ன" என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. அவளுக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பி காயப்போடும் களத்தில் குச்சி பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. அங்கே கங்காணி வந்தபோது நானே போய்ச் சொன்னேன். "பக்கத்துக் காம்பரா சத்தத்துல எங்கப்பாவுக்குத் தூக்கமே இல்லங்க ஐயா. அவுங்கள வேற லயத்துல போடுங்க."

கங்காணி சிரித்தார். "நானும் கேட்டுக்கிட்டுத்தானே வர்றேன் தாயி. எனக்கே காது போகுது."

அன்று மாலையே அவர்களை ஆற்றோர லயத்துக்கு மாற்றிவிட்டார். என் பேச்சு எடுபட்ட பெருமையில் வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள்.

"விடு. புள்ள எனக்காகத்தானே சொல்லிருக்கு" என்றார் அப்பா. அம்மா ஓங்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் தப்பு அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. அப்படி ஒரு தூக்கம் அதற்குமுன் தூங்கியதில்லை. கண் விழித்தபோது கங்காணி எங்கள் வாசலில் நின்றிருந்தார். லயமே அமைதியாக இருந்தது. உள்ளே அப்பா கம்பளி முனையை வாயில் திணித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா" என்று மட்டும் கேட்டார் கங்காணி.

வெயில் ஏறுமுன் மூட்டை கட்டிவிட்டோம். ஆற்றோர லயத்திலிருந்து அத்தையும் மாமாவும் ஓடி வந்தார்கள். அப்பா ஒரு கம்பளியை மடித்து, "இந்தா தங்கச்சி, ஒங்க கம்பளி" என்று நீட்டினார். அத்தை அதை வாங்கி, பிரித்து, மறுபடியும் அவர் தோளிலேயே போர்த்தினாள். "வழியில குளிரும்ணே." மாமா எங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்து எல்லைவரை வந்தார்.

அப்பா உயிரோடு மாத்தளையைத் தாண்டவில்லை.

அத்தை மாமாவிடம் இருந்தது அந்த ஒரே கம்பளி. மழைக்காலம் முழுக்க அது எங்கள் காம்பராவில்தான் கிடந்தது. வீட்டில் இல்லாத கம்பளிக்காக இரண்டு பேரும் கங்காணி காதுபட ஏன் அப்படிக் கத்தினார்கள் என்பது, பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எல்லையில் திரும்பிப் பார்த்தபோது நான் நினைத்தது வேறு. சண்டை போட இனி அவர்களிடம் கம்பளியே இல்லை, விடியும்வரை நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.