ராக்கம்மா வீட்டு ஜெனரேட்டர்

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனபோது கரண்ட் போனது. அடுத்த மூச்சில் சுவரோரம் ஒரு ஜெனரேட்டர் உறுமியது. அந்தப் புகை வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்து, மண்டபத்துச் சன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கப் போய்விட்டன. ஈரக் கையோடு ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்த என்னைச் சமையல்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னொரு பாயசத்துக்கு வழி தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

உங்களிடம் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, நான் கொஞ்ச காலம் கொடைக்கானலில் ஜெனரேட்டர் விற்றேன். திண்டுக்கல்லில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு, பஜாரில் ஒரு ராவுத்தர் பாய் வைத்திருந்த கடையில் வேலை. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு ஆட்டிப்படைத்த காலம் அது. மலையில் கேட்கவே வேண்டாம், காற்றடித்தால் போகும், மரம் விழுந்தால் போகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகும். வீடு வீடாகப் போய் யாருக்கு எந்த மிஷின் சரிப்படும் என்று பார்த்துச் சொல்வது என் சோலி. குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கையில் கேட்லாக். கதவைத் திறப்பவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையாம்மா?" என்பார்கள். நான்தான் என்றால் முகம் சப்பென்று போகும்.

நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கரண்ட் போனால் உங்களுக்கு எது ஓடியே ஆகவேண்டும்? எல்லாரும் சொல்லும் பதில், "எல்லாமும்." பிறகு விலையைச் சொன்னதும் பட்டியல் தேய்ந்துகொண்டே வரும். ஹீட்டர் போகும், மிக்ஸி போகும், கடைசியில் நாலு பல்பும் டிவியும் நிற்கும். ஒரு லாட்ஜ் முதலாளி பெயர்ப் பலகை மட்டும் எரிந்தால் போதும் என்றார். உள்ளே இருட்டாக இருப்பது ரூம் எடுத்த பிறகுதானே தெரியும்!

அட்டுவம்பட்டிச் சரிவில் இருந்த வேலாயுதத்தின் வீட்டில் பட்டியல் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவருக்கு இழுப்பு. மருந்தை ஆவியாக்கி மூக்கில் விடும் சின்ன மிஷின் ஒன்று வைத்திருந்தார். அது நிற்கக் கூடாது, அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள் அவரும் மனைவி ராக்கம்மாவும். இங்கே வந்து பிறந்த மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பியிருந்தான். வீடு பழைய கால வீடு. சரிவில் கல் தூண்கள் எழுப்பி, மேலே பலகைத் தரை போட்டது. எந்நேரமும் கணப்பில் தைல மரக் கட்டை புகைந்துகொண்டிருக்கும்.

"சத்தம் கம்மியா இருக்கிறதா பாருங்க புள்ள" என்று மட்டும் சொன்னார் ராக்கம்மா. பெட்ரோலில் ஓடும் சின்ன மிஷினாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். வீட்டைவிட்டுத் தள்ளிக் கொல்லையில் தகரம் போட்டு வைத்து, "இதை உள்ள கொண்டு வந்துறாதீங்கய்யா, புகை ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மழைக்காலம் பாதி போயிருக்கும். ஒருநாள் வெள்ளனே வேலாயுதம் கடைக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"மிஷின எடுத்துக்கங்க பாய். எனக்கு வேணாம்."

"ஏங்க, ஓடலையா?"

"ஓடுது. அது ஓடுறப்ப வீட்டுக்குள்ள யாரோ நடக்குறாங்க."

பாய் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். வேலாயுதம் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதலில் கேட்டது அவர் மனைவிதான். கரண்ட் போய் மிஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் சின்னக் காலடி ஓடுமாம். பவளம் வந்துட்டா என்று ராக்கம்மா சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பவளம் அவர்களின் மூத்த மகள். ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். அங்கே இலங்கையில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், தேயிலை மலையோரம் புதைத்துவிட்டுக் கப்பலேறியிருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவே முடியவில்லை.

"இவ்வளவு நாள் கழிச்சு வழி தெரிஞ்சு வந்துருக்கான்னு சொல்றா. நான் நம்பல. முந்தாநாள் எனக்கும் கேட்டுச்சு."

பாய் என்னைப் பார்த்தார். "வெரசா போய்ப் பார்த்துட்டு வாம்மா. எர்த் கிர்த் லீக்காகுதோ என்னமோ." பேய்க்கு எர்த் பார்க்கப் போன முதல் டிப்ளமோக்காரி நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம்தான் போக முடிந்தது. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. சன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போதே கரண்ட் போய் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பனியில் திசை புரியவில்லை. வேலாயுதம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். ராக்கம்மா கணப்புக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து பால் விடாத வெறுந்தேத்தண்ணீர் கொடுத்தார். ஒரு கடி வெல்லம், ஒரு வாய்த் தேத்தண்ணி, அவர்கள் ஊர்ப் பழக்கம். குடித்துவிட்டு எழுந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது. நெற்றியைச் சுற்றி யாரோ துணியால் இறுக்கிக் கட்டுவதுபோல் இருந்தது. மலையேறி வந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கேட்டது. பக்கத்து அறையில், பலகைமேல், வெறுங்கால். நாலைந்து எட்டு ஓடி நின்றது. மறுபடி ஓடியது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தேன். ராக்கம்மா என் கையைப் பிடித்தார். அவர் முகம் நல்ல சிவப்பாக, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எந்திரிக்காதீங்க புள்ள. புது ஆளப் பார்த்தா பயந்துருவா."

நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தை பயந்துவிடக் கூடாதே என்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையில் அவர்களுடைய பூனை சுருண்டு கிடந்தது. அதைத் தடவலாமென்று கையை வைத்தேன். தூக்கியதும் அதன் தலை துணிபோல் தொங்கியது. தரையில் ஊன்றிய கை வழியாக ஒரு அதிர்வு ஏறியது. பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. மிஷின் கொல்லையில் இல்லை. எங்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிக் கதவைத் திறந்தேனோ தெரியாது. வாசற்படியில் விழுந்து, இரண்டு வாய் குளிர்காற்று இழுத்து, திரும்பப் போய் வேலாயுதத்தைக் கம்பளியோடு இழுத்துவந்தேன். ராக்கம்மா வரமாட்டேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவ உள்ள இருக்கா, அவ உள்ள இருக்கா" என்று கத்தினார். என் கூச்சல் கேட்டுப் பக்கத்துக் கேரட் தோட்டத்தில் இருந்தவர்கள் ஓடிவந்துதான் அவரைத் தூக்கினார்கள். ஜீப்பில் போட்டு எங்கள் மூவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்களுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். பூனை பிழைக்கவில்லை.

விஷயம் சின்னதுதான். காட்டு மாடு ஒன்று கொல்லைக்கு வந்து தகரத்தை முட்டிச் சாய்த்திருக்கிறது. விலையுயர்ந்த சாமானாயிற்றே என்று வேலாயுதம் ஆள் வைத்து மிஷினைத் தரைக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் நகர்த்தியிருக்கிறார். புகை பலகை இடுக்கு வழியாக ஏறியிருக்கிறது. கணப்புப் புகையில் பழகிய மூக்குக்கு அது தனியாகத் தெரியவில்லை. அந்தப் புகையில் இருக்கும் விஷ வாயு ரத்தத்தில் ஏறினால் தலை வலிக்கும், இல்லாதது கேட்கும், பிறகு தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தத் தூக்கம்தான் என்றார்.

மிஷினைத் தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்துக் கம்பிவேலி போட்டோம். அடுத்த முறை சர்வீஸுக்குப் போனபோது வேலாயுதம் தெளிவாக இருந்தார், இழுப்புகூடக் கொஞ்சம் குறைந்திருந்தது. ராக்கம்மா என்னை வழியனுப்பும் சாக்கில் வேலிவரை வந்தார்.

"இப்ப வாறதில்ல புள்ள."

நான் வேலிக் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பவாவது ஒருக்கா, அவர் டவுனுக்குப் போயிருக்கிறப்ப, மிஷின அங்கிட்டு வீட்டுக்குக் கீழ வச்சுத் தர ஏலுமா? சன்னல லேசாத் தொறந்து வச்சுக்கிறேன்."

மறுநாளே ஆளை அழைத்துப்போய், மிஷினின் கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். ராக்கம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமில்லை. சிமெண்டின்மேல் தண்ணீர் தெளித்ததுகூட அவர்தான். வேலை முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கும் கேட்டுச்சுதானே?"

டாக்டர் சொன்னதை எல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த விளக்கமும் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

"கேட்டுச்சும்மா. ஓடி வந்து கதவுகிட்ட நின்னா."

அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மூடிய துணிக்குள்ளிருந்தே, "அது போதும். இந்தக் கரையில அவள யாருமே அறிஞ்சதில்ல. அவ தம்பிக்குக்கூடத் தெரியாது" என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி மலையிறங்கிவிட்டேன். வேலாயுதம் இழுப்பிலேயே போனார் என்றும், அடுத்த வருடம் ராக்கம்மாவும் போய்ச் சேர்ந்தார் என்றும் பாய் போனில் சொன்னார். இப்போது பாயும் இல்லை, கடையில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். போன கோடையில் அந்தச் சரிவுப் பக்கம் போயிருந்தேன். வீட்டை இடித்துவிட்டு டைல்ஸ் தரையில் மூன்று காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்ற பையனிடம் எதையோ கேட்க வாயெடுத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி பலகைமேல் ஓடினாள் என்று சொல்ல, இந்தக் கரையில் இனி என்னைத் தவிர வேறு யாருமில்லை.