பாலுசெட்டி சத்திரத்தில் நின்ற வண்டி

அப்பாவை வண்டியில் ஏற்றியதே பெரும்பாடு. மறுநாள் காலையில் பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷன். வேலூர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரையும் பார்க்க விடமாட்டார்கள். இன்றைக்கு விட்டால் அப்புறம் பார்ப்பது நிச்சயமில்லை. இதெல்லாம் தெரிந்தும் அப்பா மத்தியானம் வரை தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கார் சாவியோடு வாசலில் நிற்கிறேன், அவர் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், திரும்ப உள்ளே போய் வேறொரு சட்டை மாற்றினார். அவர் மனசு மாறுவதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பதிலேயே நான் குறியாக இருந்தேன்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது ஒரு புடவையால். பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை தன் தறியில்தான் என்று அப்பா தானாகவே முடிவு செய்து, நெய்வதற்குப் பாவு நூல்கூடப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கடையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கூறைப் புடவை எடுப்பது அவர்கள் வழக்கம், அவர்கள் இஷ்டம். பெரியப்பா அதில் என்ன செய்ய முடியும்? அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அப்பா கல்யாணத்துக்கே போகவில்லை. தப்பு தன்மேல்தான் என்பது அவருக்குக் கொஞ்ச நாளிலேயே புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒத்துக்கொள்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. நாங்கள் செவிலிமேட்டில், பெரியப்பா ஓரிக்கையில். பக்கத்துப் பக்கத்து ஊர்தான். வருஷக்கணக்காக அப்பா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்னால் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். டேங்க் மூடிக்கான லீவரை இழுத்துவிட்டு, முழுசாகப் போடச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது போட்டு முடித்து மூடியையும் மூடியிருந்தார்கள். போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் போலாமாம்மா? இப்போ அவரு தூங்கிக்கினு இருப்பாரு" என்று அப்பா ஆரம்பித்தார்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சினில் தடதடவென்று சத்தம், பின்னால் புகை. எப்படியோ உருட்டிக்கொண்டு பாலுசெட்டி சத்திரம் பஸ் ஸ்டாப் வரை வந்து ஓரம்கட்டினேன். அதோடு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர், காரை வாரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார். தூசி படாமல் வைத்திருக்கிற கார்.

பக்கத்து ஷெட்டிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறீர்களே மேடம் என்றார். எப்படி என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது. அப்பா எப்போதும் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறவர். வண்டி என்றால் அவருக்குப் பெட்ரோல்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் காரியம் கெட்டது. தன்னால்தான் வண்டி நின்றது என்று தெரிந்தால், சகுனம் சரியில்லை என்று சொல்லி நேராக வீட்டுக்குத்தான் நடையைக் கட்டுவார். சொல்ல வேண்டாம் என்று மெக்கானிக்குக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்ற அப்பாவிடம் போனேன்.

"ஃபில்டர் அடைச்சிக்கினு இருக்குதாம்பா."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்படியா" என்றார்.

டேங்க்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி முடிக்க இருட்டிவிடும் என்றார் மெக்கானிக். அப்பா எதிர்ப்பக்கம் காஞ்சிபுரம் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போய்விடலாம் என்று நான் மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலூர் பஸ் வந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்தி ஏறிவிட்டார்.

"நீ வண்டியப் பாத்துக்கினு வாம்மா" என்று படியிலிருந்து சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது.

போனை அவர் தறியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வேலூருக்குத்தான் போகிறாரா? அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஆள்தான் அவர். எதிரே போன ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் அந்தச் சட்டையைத் தேடினேன். அப்பா வந்துவிட்டாரா என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போட்டேன். கூட்டிக்கொண்டு போனவள் நீ, என்னைக் கேட்கிறாயே என்று அம்மா எரிந்து விழுந்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மெக்கானிக் கேனில் இறக்கிக்கொண்டிருந்த பெட்ரோலின் வாடையில் தலை வேறு வலித்தது.

வெயில் தாழ்ந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து பெரியம்மா போனில் வந்தார். எடுத்ததும் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா வந்து கட்டில் ஓரமாகப் பேசாமல் நின்றாராம். பெரியப்பாவும் பேசவில்லையாம். இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடுவார்கள் போல என்று பெரியம்மா பயந்துபோனாராம். அப்புறம் அப்பா, யாரும் கேட்காமலே சொன்னாராம்: "டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொல்லிட்டேண்ணா. பாப்பா எங்கிட்ட சொல்லாம மறைக்குது. பாவம், ரோட்டுல நிக்குது. தப்பு என்னுதுதான்."

அதற்குள் பெரியப்பா போனை வாங்கிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"உங்கப்பன், 'தப்பு என்னுது'ன்றாம்மா. இன்னொரு தபா சொல்லுடான்னா சொல்ல மாட்டேன்றான்."

போனை வைக்கும்படி அப்பா பின்னாலிருந்து அதட்டுவது கேட்டது. அப்படி அதட்டிக்கொண்டே அவரும் சிரித்தார்.

நான் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல மேடம், அழாதீங்க" என்றார்.