ரஷ்யா ரெக்கார்டு அலோசியஸ்

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக் கடைத்தெருவில் அலோசியஸிடம் ஓர் ஒலிபெருக்கி செட் இருந்தது. கல்யாணம், திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம் எதுவானாலும் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கு மின்சாரம் வராத காலம். கார் பேட்டரி, ரெக்கார்டு பிளேயர், அம்பிளிபயர், குழாய் ஸ்பீக்கர், சினிமாப் பாட்டு இசைத்தட்டுகள் அடுக்கிய மரப்பெட்டி எல்லாம் அவரோடு பஸ்ஸில் ஏறும்.

எழுபத்தாறில் பிளேயருக்கு ஊசி வாங்கக் கொழும்புக்குப் போனவர், சோவியத் புத்தகங்கள் விற்கும் கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஓர் இசைத்தட்டை வாங்கி வந்தார். கச்சதூரியனின் வயலின் கொன்செர்டோ அது. ஒற்றை வயலின் முன்னால் நின்று வாசிக்க, பெரிய வாத்தியக் குழு ஒன்று அதோடு மல்லுக்கு நிற்கும், பிறகு சமாதானமாகும். கச்சதூரியன் ஆர்மீனியக்காரர்; ஆனாலும் அட்டையில் ரஷ்ய எழுத்து இருந்ததால் ஊருக்கு அது ரஷ்யா ரெக்கார்டுதான்.

எடுத்த எடுப்பிலேயே வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து அதிரும். பின்னால் வயலின் தனியே ஓடும். ஸ்பீக்கரைச் சோதிக்க அதைவிட நல்லது கிடையாது என்று கண்டுகொண்டார் அலோசியஸ். போகிற இடமெல்லாம் அதைக் கொஞ்சம் ஓடவிட்டு, குழாய் ஒழுங்காகக் கத்துகிறது என்று தெரிந்ததும் எடுத்துவிடுவார்.

ஒரு மாதா கோயில் திருவிழாக் காலையில் அப்படி எடுத்தபோது, பீடத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை தெரேசா வெளியே வந்தார்.

"ஏங்க, அத ஏன் நிறுத்துனீங்க?"

"இது டெஸ்ட் பண்றதுக்கு மட்டுந்தான் டீச்சர்."

"போன வருசமும் இதே எடத்துலதான் நிறுத்துனீங்க. மிச்சம் எப்படி இருக்கும்?"

அலோசியஸுக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கே தெரியாதுங்க."

பாதர் வர நேரமிருந்தது. சத்தத்தைக் குறைத்துவைத்து இருவரும் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள். மறுபக்கத்தில் வயலின் மெதுவாக, நெஞ்சைப் பிசைவதுபோல் பாடியது. "மழையில மலைக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுற மாதிரி இருக்குங்க" என்றார் தெரேசா. அது ஓய்ந்ததும் கடைசிப் பகுதி துள்ளிக்கொண்டு கிளம்பியது. தெரேசாவின் செருப்புக்கால் தானாகத் தாளம் போட்டது.

"இத கல்யாண வீட்டுல போடணும்."

"போட்டா என்னைய அடிச்சுருவாங்க டீச்சர்" என்று அலோசியஸ் சிரித்தார்.

அதற்கும் நேரம் வந்தது. பழனியாண்டி கங்காணி மகளின் கல்யாணத்துக்குப் போன அன்று, பஸ்ஸின் மேல்கூரையிலிருந்து சினிமாப் பாட்டுப் பெட்டியை இறக்க மறந்துபோனார். பெட்டி ஹட்டனுக்குப் பயணமாகிவிட்டது. லயத்துக்கு ஏறிப்போய், சவுக்கு மரத்தில் குழாயைக் கட்டிய பிறகுதான் அது தெரிந்தது. கையில் இருந்தது, சோதிக்கவென்று பிளேயரோடு வைத்திருந்த ரஷ்யா ரெக்கார்டு ஒன்றே.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க! பாட்டப் போடுங்க தம்பி!" என்று பழனியாண்டி அவசரப்படுத்தினார்.

அலோசியஸ் பதறிப்போய் மறுபக்கத்தை வைத்துவிட்டார். மெதுவான பகுதி மலையெங்கும் பரவியது. வாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா நின்றுவிட்டார். "என்னங்க, இங்க யாரும் தவறிட்டாங்களா?"

பெண் தெரேசாவிடம் படித்தவள் என்பதால் அவரும் வந்திருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "கடைசியில ஒண்ணு துள்ளுமே, அதுல ஊசிய வைங்க!"

அலோசியஸ் ஊசியை நகர்த்தினார். வாத்தியங்கள் முழங்கின, வயலின் குதித்தோடியது. தப்புக்காரர் சோலைமலை ஒருகணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அட, நம்ம அடிதான்ப்பா, கொஞ்சம் வேகமா ஓடுது" என்று சொல்லித் தப்பைத் தூக்கினார். அவர் அடி வயலினைப் பிடித்துக்கொண்டதும் இளவட்டங்கள் ஆடத் தொடங்கினார்கள். சித்தப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முடிந்ததும், "இன்னொருக்கா!" என்று கத்தினார்கள். பெட்டி ஹட்டனிலிருந்து திரும்பி வந்தபோதுகூட யாரும் அதைத் திறக்க விடவில்லை.

அன்றிலிருந்து அவர் ரஷ்யா ரெக்கார்டு அலோசியஸ். செட்டுக்குச் சொல்ல வருகிறவர்களே, "அந்தத் துள்ளுற பாட்டையும் கொண்டாந்துருங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அதே மாதா கோயிலில் அவருக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம் நடந்தது. சோலைமலை கூப்பிடாமலேயே தப்போடு வந்தார்.

பிறகு இருவருமாகக் கொழும்புக்குப் போய் ஷோஸ்டகோவிச்சின் செலோ கொன்செர்டோவும் புரோகோபியேவின் வயலின் கொன்செர்டோவும் வாங்கி வந்தார்கள். செலோ, ஆளின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், அடித்தொண்டைக் குரல் கொண்ட வாத்தியம். அதை அலோசியஸ் ஒரு சடங்கு வீட்டில் போட்டுப் பார்த்தார். "பெரியவருக்கு வயித்துவலி மாதிரி இருக்கு, எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தெரேசாவுக்கு அதுதான் உயிர். எண்பதுகளில் ஊரெல்லாம் கேசட் வந்த பிறகும் அந்த வீட்டில் இசைத்தட்டுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார்கள். முந்திக்கொண்டு பிளேயரைப் பிடிப்பது அலோசியஸ் என்றால் வயலின். தெரேசா என்றால் செலோ. அநேகமாக செலோதான் கேட்கும்.