பிரோஷ்கா கழித்துப்போட்ட கோட்டு

பிரோஷ்கா வைனர் யாரையும் நம்பமாட்டாள். எங்கள் முதியோர் இல்லத்தில் சூப் வந்தால் கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நான் மாத்திரை கொடுத்தால், "நேத்து வெள்ளையா இருந்துச்சே, இன்னிக்கு ஏன் மஞ்சள்?" என்பாள். தொண்ணூறு வயது. நாற்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இப்படிக் கேட்கிற நோயாளிகள் சீக்கிரம் சாவதில்லை.

புடாபெஸ்டில் ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சோதனை மேஜையில் நின்றவள். தைத்து வருகிற கோட்டை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்து, குறை இருந்தால் சாக்கட்டியால் குறுக்கே கோடு போட்டுக் கழித்துவிடுவாள். தைத்த பெண்கள் முதுகுக்குப் பின்னால் அவளைச் 'சாக்கட்டி' என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

அவளிடம் இல்லாதது தங்கை யூத்காவின் படம். 1945 ஜனவரியில் ஹங்கேரி நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சிக்காரர்கள் அம்மாவையும் ஆறு வயது யூத்காவையும் டான்யூப் ஆற்றங்கரைக்கு நடத்திப்போய்ச் சுட்டார்கள். ஒன்பது வயது பிரோஷ்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு காலி. தங்கையின் முகம் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. யூதர்களைக் கொன்றதே கட்டுக்கதை என்று ஃபேஸ்புக்கில் எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவது. அவளுக்குக் கை நடுங்கும். அவள் சொல்ல நான் டைப் செய்வேன். சண்டை கிடையாது. ஒரு ஆவணம், ஒரு வரி, பிறகு புகார். "அவனுக்கு எழுதாதே. சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவன் ஒருத்தன் இருப்பான், அவனுக்கு எழுது" என்பாள். 'கேள்விக்காரன்' என்ற பெயரில் ஒருவன் தவறாமல் வருவான். "ஆதாரம்?" என்று மட்டும் கேட்பான்.

மார்ச்சில் இல்ல நிர்வாகி பாலிண்ட் ஃபேஸ்புக்கில் ஒரு நினைவுப் பக்கத்தைத் திறந்து காட்டினான். 'யூத்கா வைனர், ஆறு வயது, புடாபெஸ்ட்.' பனியில் ஒரு சிறுமி, சாம்பல் நிறக் கோட்டு, நெஞ்சில் யூதர் அடையாள நட்சத்திரம். நாற்பதாயிரம் பேர் அழுதிருந்தார்கள். பிரோஷ்கா வெகுநேரம் பார்த்தாள். அச்செடுத்துத் தரச் சொல்லி அலமாரியில் சாய்த்து வைத்தாள்.

எட்டு நாள் சூப்பைக் கிளறவில்லை. கொடுத்த மாத்திரையை விழுங்கினாள். ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். நடத்துகிறவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. தினம் பத்துக் குழந்தைகள், எல்லார் முகத்திலும் ஒரே அழகான வெளிச்சம். பெயர்கள் இறந்தவர் பட்டியலில் யாருக்கும் கிடைக்கும். படம் எங்கிருந்து கிடைத்தது? நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள், "பூதக்கண்ணாடி எங்க?" என்றாள். படத்தின் மேல் வைத்து நகர்த்தினாள்.

"பொத்தான் மூணு இருக்கு. திறப்பு எங்க?"

பார்த்தேன். துணி ஒரு கையிலிருந்து மறு கைவரை வெட்டே இல்லாமல் ஓடியது. பொத்தான்கள் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன.

"பழைய படம்க்கா, மங்கியிருக்கும்."

"இதை எப்படிப் போடுவா? தலை வழியாவா? கழுத்து நுழையாதே. இது தச்ச கோட்டு இல்லடி. கம்ப்யூட்டர் தானா வரைஞ்சது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"கழுதை" என்றாள்.

பாலிண்டைக் கூப்பிட்டோம். அவன் தலையைச் சொறிந்தான். "விட்டுடுங்களேன்மா. நம்ம குழந்தைங்களுக்காகத்தானே அழுறாங்க?"

"நாளைக்கு எவனாவது இதைப் பொய்னு நிரூபிப்பான். அப்புறம் யூத்காவையே பொய்னுவான், என் பல்லைக்கூடப் பொய்னுவான்."

"பொய்ப்பல்தானேக்கா" என்றேன்.

"நீ டைப் பண்ணு."

'இது என் தங்கை இல்லை. இயந்திரம் செய்த படம். என் தங்கைக்குப் படம் கிடையாது. அவள் இருந்தாள்.' அதை அந்தப் படத்தின் கீழே போட்டு, கூடவே யூத்காவின் பிறப்புப் பதிவு நகலை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் எங்களைத் தடுத்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் அதையே போட்டிருந்தோம், அதன் கீழே கேள்விக்காரன் வந்தான். "பொய்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி." அவன்தான் அந்தப் பக்கத்தையும் நடத்துகிறானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

பிரோஷ்கா அச்செடுத்த படத்தை என்னிடம் நீட்டினாள். சாக்கட்டி இல்லாததால் பேனாவால் குறுக்கே கோடு போட்டிருந்தாள். நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த செவ்வாய் சூப்பை அடிவரை கிளறினாள், குடிக்கவில்லை.

"கண்ணை மூடினா இந்தப் பொண்ணுதான் வருது. யூத்கா வரமாட்டேங்குறா."

ஆறுதல் சொல்லலாம். பொய்யாக இருக்கும். நாடி பிடித்துப் பார்த்தேன்.

"கோட்டு ஞாபகம் இருக்கு. எழுது. அம்மாவோட பழுப்புக் கோட்டை வெட்டித் தச்சது. இடது கை மட்டும் ஒரு விரல் அதிக நீளம். மூணாவது பொத்தான் மட்டும் கறுப்பு, சோபாவுலேர்ந்து பிச்சது."

"கேள்விக்காரனுக்கா?"

"அவனுக்கு எதுக்குடி? எனக்கு. நாளைக்கு நான் கேட்டா படிச்சுக் காட்டு."

கறுப்புப் பொத்தானில் எத்தனை ஓட்டை என்று கேட்டேன்.

"நாலு" என்றாள், யோசிக்காமல்.