சாம்பல் போட்டுத் தேய்த்த தகடு

ஏரிக்கரை மீனவக் குப்பமான தோணிரேவில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. விண்ணில் பறந்த கலங்களின் பாகங்களைச் சேகரிப்பவன் நான். அக்கரைத் தீவிலிருந்து அந்தக் காலத்தில் ஏவிய ராக்கெட்டின் தகடு ஒன்று இங்கே மீன்வலையில் சிக்கியதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன். போனில் படம் அனுப்பிய செல்வி அக்கா வாசலில் நிற்கிறார். படத்தில் தகடு முழுக்கத் தீயின் கருமை. அந்தக் கருமைக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்தேன். பறந்ததற்கு அதுதான் சாட்சி.

அக்கா தகட்டை முந்தானையால் துடைத்து நீட்டுகிறார். அது புது எவர்சில்வர் தட்டுபோல் மின்னுகிறது.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க, அழுக்கா எப்டி குடுக்கறதுனு ரெண்டு நாளா சாம்பல் போட்டுத் தேச்சேண்ணா."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவர் விரல் நுனிகள் தோல் உரிந்து சிவந்திருக்கின்றன.

"இன்னாண்ணா, புடிக்கலியா?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

அவர் முகம் மலர்கிறது. அப்புறம் தகட்டிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றி நகக்கண் அளவுக்கு மிஞ்சியிருக்கும் கருப்பைக் கவனித்துவிட்டு, தேங்காய் நாரைக் கையில் எடுக்கிறார்.

"இது மட்டும் போவவே மாட்டேங்குது. குடுங்க, ஒரு நிமிஷம்."

நான் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.

"போதும்க்கா. உங்க கை பாவம்."