ஈரத் தரையில் ஓடிய கால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். சேத்தூருக்கும் தேவதானத்துக்கும் நடுவே, மாந்தோப்புக்குள் இருந்த என் மாமனார் வழிப் பண்ணை வீட்டைப் புதுப்பித்து, வெளியூர்க்காரர்கள் தங்கிப் போகும் பாரம்பரிய வீடாக மாற்றியிருந்தோம். ஓடு மாற்றியது, வண்ணம் தேர்ந்தெடுத்தது எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். விடாமல் இருந்திருக்கவும் முடியாது.

வருகிறவர்களுக்கு வீட்டின் கதையைச் சொல்வதும் நான்தான். கூடத்தின் சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு குழந்தையின் கால்தடம் பதிந்திருக்கும். தரை போட்ட அன்று, சின்னப் பிள்ளையாக இருந்த என் மாமனார் ஓடியது என்று குடும்பத்தில் சொல்வார்கள். நான் கண், காது, மூக்கு வைத்து, அவர் பெரிய மனிதராக வருவார் என்பதற்கு அதுவே முதல் அடையாளம் என்பேன். சுவரில் போர்டும் எழுதி மாட்டியிருந்தேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு வந்து எங்களிடம் தங்கிய ஒரு குடும்பத்துக்கு இதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோப்பில் மாங்காய் அடுக்க வந்திருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றபடி முழுவதையும் கேட்டார். அந்தக் குடும்பம் கிளம்பிப் போன பிறகு, செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அதுல சுண்டு விரலு பதிஞ்சிருக்காதேம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் பார்க்கிற தடம்தான், ஆனால் விரலை எண்ணியதில்லை. போய்க் குனிந்து பார்த்தால் நான்கு விரல்தான் இருந்தது. திரும்பினேன். அவர் தன் இடது காலைச் சற்று முன்னால் வைத்துக் காட்டினார். சுண்டு விரல் பக்கத்து விரல்மேல் ஏறி, தரையைத் தொடாமல் இருந்தது.

அவருடைய அம்மா இந்த வீட்டுக்குக் கலவை சுமந்தவராம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கூட வந்திருந்த இவர் தரையில் ஓடிவிட்டார். வீட்டைக் கட்டிய என் மாமனாரின் அப்பா கம்போடு வந்து, ஓடியது யார் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு அடி விழுமே என்ற பயத்தில், சின்னய்யாதான் ஓடினார் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பெரியவருக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. மற்றதைப் பூசிவிட்டு ஒரு தடத்தை மட்டும் அழிக்காமல் விடச் சொன்னாராம். இதைச் சாகும்வரை அந்த அம்மா மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

எங்கள் குடும்பப் பெருமையின் லட்சணம் இதுதான். உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். நிலைப்படியிலேயே தயங்கி நின்றார்.

"தரை ஈரமா இருந்தப்ப ஓடுனதுதாம்மா. காஞ்ச பொறவு எங்களை யாரு உள்ள விட்டா?"

நானே நிலைப்படிக்குப் போனேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். உட்கார்ந்து தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று எழுந்துவிட்டார்.

போர்டை மாற்றப் போகிறேன் என்றதும், அப்பா பேர் என்னாவது என்றார் வீட்டுக்காரர். மாமா சம்பாதித்த நல்ல பேர் இதனால் குறையாது என்று சொல்லி, நான் விடவில்லை. போர்டில் எழுத அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டேன். "எம் பேரு எதுக்கு? எங்கம்மா பேரைப் போடுங்க. அவதான காப்பாத்துனா" என்றார். அப்படியே எழுதினோம்.

இன்றும் வருகிறவர்களுக்கு அந்தக் கதையை நான்தான் சொல்கிறேன், அதே கணீர்க் குரலில்தான். ஆனால், பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் பொய் சொல்ல வேண்டியிருந்த வீடு இது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல், இதைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வருவதில்லை.